ஒழுகல்காரர் அடைத்த படகு

மழை வந்தால் தவளைக்கு அடுத்தபடி சந்தோஷப்படுகிறவர் ஒழுகல்காரர்தான். பெற்றவர்கள் வைத்த பேர் ஒன்று உண்டு. அது அடையாள அட்டையில் மட்டும் குடியிருக்கிறது. மொட்டைமாடி ஒழுகினாலும், தண்ணீர்த்தொட்டி கசிந்தாலும், தொழிற்கூடத்துத் தகரக் கூரையில் ஆணி கழன்ற இடமெல்லாம் சொட்டினாலும் ஊர் தேடுவது அவரைத்தான். பள்ளிக்கூடம் அவரை விட்டதா, அவர் பள்ளிக்கூடத்தை விட்டாரா என்று யாராவது கேட்டால், "ரெண்டு பேருக்கும் ஒத்துவரலை, கௌரவமா பிரிஞ்சிட்டோம்" என்பார்.

சின்ன வயதில் சாந்துச் சட்டி தூக்கியவர். இன்றைக்குச் சொந்த வீடு, வீட்டுக்குப் பின்னால் சொந்தக் கொட்டகை, இரண்டு வண்டி. யார் கொடுத்தது? ஒருத்தரும் கொடுக்கவில்லை. இரண்டு கை கொடுத்தது. அதிலும் குறிப்பாக வலது கைக் கட்டைவிரல். ரெசின் பசையைப் பூசி, ஃபைபர் துணியை ஒட்டி, ஓரத்தைக் கட்டைவிரலால் ஒரே இழுப்பில் வழித்துவிடுவார். இரும்புத் தகடு வைத்துத் தேய்த்தாலும் அந்த வழவழப்பு வராது. ஊரில் எந்தக் கூரைமேல் ஏறிப் பார்த்தாலும் அந்த விரலின் தடம் கிடக்கும். "தண்ணியும் திருடனும் ஒண்ணு. விரல் போற சந்து கிடைச்சா போதும், ஆளே உள்ள வந்துடுவான்" என்று சொல்லிக்கொண்டே வேலை பார்ப்பார். அவர் அடைத்த இடத்தில் மறுபடி ஒழுகியது என்று ஒரு மனுஷன் வந்து நின்றதில்லை. இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்வது.

அப்பேர்ப்பட்ட ஆளைக் கடலுக்கு இழுத்தவன் மச்சினன். மனைவியின் தம்பி, பள்ளி வேன் ஓட்டுகிறவன். உடம்பு பெருத்த ஆள், சிரிப்பு அதைவிடப் பெரிசு. தாய் தகப்பன் போன பிறகு அவனைத் தூக்கி வளர்த்தது அக்காதான். கல்யாணமாகி வரும்போது ஒரு இடுப்பில் துணி மூட்டையும் மறு இடுப்பில் தம்பியுமாகத்தான் வந்தாள். "அவன் எனக்குத் தம்பி இல்ல, மூத்த பிள்ளை" என்பாள். அதற்கப்புறம் பிள்ளை பிறக்காத வீட்டில் அந்தச் சொல்லுக்கு ஒரு கனம் உண்டு.

மாமனும் மச்சினனும் லீவு நாளில் ஏரிக்கரையில் தூண்டில் போடுவார்கள். அகப்படுவதெல்லாம் விரல் பருமன்.

"எத்தனை நாளைக்கு மாமா இந்தப் பொடியைப் பிடிச்சு நாமளே வெக்கப்படுறது? கடல்ல போட்டா கை நீளத்துக்கு வருதாம். கயாக்குன்னு ஒண்ணு இருக்கு. ஒத்தை ஆள் படகு. மேலே உக்காந்து துடுப்புப் போட்டுட்டே போய்ப் பிடிக்கலாம்."

"உன் எடைக்குப் படகு எதுக்குடா மாப்ளே, கப்பல் வேணும்."

சிரித்துக்கொண்டே போய் இரண்டு பழைய கயாக் வாங்கினார்கள். பிளாஸ்டிக்கில் வார்த்த நீளப் படகு. உட்கார ஒரு பள்ளம், கால் வைக்க ஒரு பள்ளம். பள்ளங்களின் அடியில் விரல் நுழைகிற மாதிரி ஓட்டைகள், படகின் வயிற்றைக் கடந்து மறுபக்கம் வெளிச்சம் தெரிகிற ஓட்டைகள். படகுக்கடைக்காரர் அதைத் தொட்டுக் காட்டித்தான் விற்றார். "இதைப் பாத்துப் பயப்படாதீங்க. அலை உள்ள வந்து விழும், வந்த தண்ணி இந்த வழியா தானா இறங்கிடும். ஏரிக்காரங்க சில பேரு கால் நனையாம இருக்க மூடி போட்டுக்குவாங்க. கடல்னா திறந்துதான் இருக்கணும்."

மச்சினன் காதில்தான் அது விழுந்தது. ஒழுகல்காரர் அப்போது வாசலில் படகின் இணைப்பு விளிம்பைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைக்காரன் பேச்சு எல்லாம் வாயால் பூசுகிற வர்ணம் என்பது அவர் கட்சி. வேனில் திரும்பும்போதும் மச்சினன் சொல்லவில்லை. ஓட்டையைப் பற்றி ஒழுகல்காரருக்கே பாடம் எடுப்பதா என்று விட்டுவிட்டான். மீனுக்கு நீச்சல் சொல்லித் தருகிற வேலை எவனுக்கு வேண்டும்?

மறுநாள் கொட்டகையில் படகுகளைக் கவிழ்த்துப் போட்டு ஒழுகல்காரர் சுற்றிச் சுற்றி வந்தார். அடிவயிற்றில் ஓட்டை. ஒன்றல்ல, வரிசையாக. கொட்டகை ஜன்னல் வெளிச்சம் அதன் வழியாக வந்து தரையில் காசு காசாக விழுந்தது. அவருக்குச் சோறு இறங்கவில்லை. வாழ்நாள் பூராவும் ஓட்டையைக் கண்டால் கை ஊறுகிற மனுஷன். ஓட்டையோடு ஒரு படகைத் தண்ணீரில் விடுவதற்கு அவர் மனசு ஒப்புமா? அடியில் ஒரு ஃபைபர் ஒட்டு, மேலே ஒரு ஒட்டு, நடுவில் ரெசின். பிளாஸ்டிக்கில் எதுவும் லேசில் ஒட்டாது. அவர் உரசி, நெருப்புக் காட்டி, தனக்குத் தெரிந்த கலவையை ஊற்றி ஒட்ட வைத்தார். படகின் நிறத்துக்கே சாயம் கலந்தார். வழுக்காமல் இருக்க மேலே ரப்பர் விரிப்பும் ஒட்டினார். மச்சினன் படகுக்குத்தான் முதலில் செய்தார், அவன்தான் பாரம். யாரிடமும் சொல்லவில்லை. நல்ல வேலை செய்கிறவன் தம்பட்டம் அடிக்கமாட்டான், தானாகத் தெரியட்டும் என்று விட்டார்.

ஏரியில் ஓட்டிப் பார்த்தபோது கால் பள்ளம் உலர்ந்து கிடந்தது. "பரவாயில்ல மாமா, ஒரு சொட்டு ஏறலையே!" என்றான் மச்சினன். ஒழுகல்காரர் மீசைக்குள் சிரித்துக்கொண்டார்.

கடலுக்குப் புறப்பட்ட காலை, மனைவி வேன் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அவனுக்குக் குளத்து நீச்சல்தான் தெரியும்."

"ஏரியில ஓட்டிப் பாத்தாச்சு. நான் பக்கத்துலயே இருக்கேன்ல."

"ஏரிக்குக் கரை நாலு பக்கமும் இருக்கு. இதுக்கு ஒரு பக்கந்தான்." தம்பியின் லைஃப் ஜாக்கெட்டுப் பட்டியைத் தானே இழுத்து இறுக்கினாள். "என் தம்பியை உங்க கையில குடுத்திருக்கேன். போன மாதிரியே கொண்டாந்து விடணும்."

"ஒழுகல்காரர் பேச்சு என்னைக்குடி ஒழுகியிருக்கு?"

அவள் சிரிக்கவில்லை.

கடல் அன்று எண்ணெய் ஊற்றிய தட்டு மாதிரி இருந்தது. கரையோரம் அலையே இல்லை. காற்று நிலத்திலிருந்து முதுகில் மெதுவாகத் தள்ளியது. "பாத்தியா, கடலே நமக்கு வழி விடுது" என்றார் ஒழுகல்காரர். கரையில் வலை தைத்துக்கொண்டிருந்த இரண்டு பேர் தலையைத் தூக்கி இவர்களைப் பார்த்தார்கள். ஒருவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். "என்னங்க, மீன் வேணுமா? வரும்போது தரோம்!" என்று மச்சினன் கத்தினான். அவன் வாயை மூடிக்கொண்டு வலைக்குக் குனிந்தான். அவர்கள் படகுகளெல்லாம் மணல்மேல் ஏறிக் கிடந்தன. கடற்பறவைகளும் அப்படித்தான், ஒரே பக்கம் முகம் வைத்து மணலில் உட்கார்ந்திருந்தன. கைபேசி நனைந்துவிடும் என்று இரண்டையும் வேனிலேயே வைத்துப் பூட்டச் சொன்னவர் ஒழுகல்காரர்தான். தன்னுடைய லைஃப் ஜாக்கெட்டை மடித்து ஆசனத்தில் போட்டு மேலே உட்கார்ந்தார். "எலும்பு தேயுற வயசு மாப்ளே. இதுக்கு இதான் உபயோகம்."

துடுப்பைத் தொட்டால் போதும், படகு போனது. அவ்வளவு லேசாகத் தான் எதையும் செய்ததில்லை என்று அவருக்கு ஒரு மயக்கம். பேசிக்கொண்டே போனார்கள். ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். வேன் தீப்பெட்டியாகிவிட்டிருந்தது. இன்னொரு தடவை பார்த்தபோது வேன் எது, பாறை எது என்று பிரிக்க முடியவில்லை. கரையின் மறைவில் ஒளிந்திருந்த காற்று வெளியில் வந்ததும் தன் உயரத்தைக் காட்டியது. தண்ணீரின் நிறம் கறுத்தது. எண்ணெய் மாதிரி இருந்த பரப்பில் சின்னச் சின்ன அலைமுதுகுகள் எழும்பி, பக்கவாட்டில் ஏறி, கால் பள்ளத்தில் ஒரு கை தண்ணீரை ஊற்றிவிட்டுப் போயின.

"ஐயோ, ஐஸு!" என்று மச்சினன் காலைத் தூக்கினான். தூண்டிலைப் போட்டுவிட்டு அலட்சியமாகச் சாய்ந்து உட்கார்ந்தான்.

இன்னொரு முதுகு. இன்னொரு கை தண்ணீர்.

ஒழுகல்காரர் தன் காலைப் பார்த்தார். கணுக்கால் நனைந்திருந்தது. பையிலிருந்த துணியை எடுத்து ஒற்றிப் பிழிந்தார். பிழிந்து முடிப்பதற்குள் அடுத்தது வந்தது. மச்சினன் பக்கம் பார்த்தார். அவன் படகு அவர் படகைவிடத் தாழ்வு. அங்கே தண்ணீர் கெண்டைக்காலுக்கு வந்திருந்தது, அவன் அதைக் குனிந்துகூடப் பார்க்கவில்லை.

"டேய், அள்ளி வெளிய ஊத்துடா."

"எதுக்கு மாமா? தானா இறங்கிடும்."

"எப்படி இறங்கும்?"

"அதான் கீழே ஓட்டை இருக்குல்ல. கடைக்காரரு சொன்னாரே. கடல் தண்ணி மேலே வரும், ஓட்டை வழியா போயிடும்னு. அதுக்குத்தானே ஓட்டையே விட்டிருக்கான். உங்களுக்குத் தெரியாததா?"

ஒழுகல்காரர் தன் காலடியிலிருந்த ரப்பர் விரிப்பைப் பார்த்தார். வெயில் அடிக்கிறது, காற்று வீசுகிறது, ஆனால் காதுக்குள் ஒரு சத்தமும் இல்லை. அவர் அடைத்தது ஒழுகல் இல்லை. வாசல். உள்ளே வந்த தண்ணீர் வெளியே போகிற வாசலை, இந்தக் கட்டைவிரலால், இரண்டு பக்கமும் சாத்தியிருக்கிறார்.

சொல்லிவிடலாம். 'மாப்ளே, அடைச்சிட்டேன்டா, அள்ளி ஊத்து, திரும்பு.' ஒரே மூச்சில் சொல்லக்கூடிய பேச்சு. வாய் வரைக்கும் வந்தது. ஆனால் அந்த வாய் என்றைக்கும் "தப்புப் பண்ணிட்டேன்" என்று சொல்லிப் பழகாத வாய். ஒரு கூரையிலும் சொல்லவேண்டி வந்ததில்லை. இப்போது இவனிடம், தான் வளர்த்த பயலிடம், நடுக்கடலில்? மெதுவாகச் சரிபண்ணிவிடலாம், அவனுக்குத் தெரியவே வேண்டாம் என்று ஒரு யோசனை குறுக்கே வந்தது. அந்த யோசனைதான் குடியைக் கெடுத்தது.

"பசிக்குதுடா. திரும்பலாம்."

"இப்பத்தானே வந்தோம்! ஒரு மீனாவது பிடிச்சாத்தான் அக்கா மூஞ்சில முழிக்க முடியும்."

மீன் அறுக்கக் கொண்டுவந்த கத்தியை எடுத்தார். படகைக் கொஞ்சம் திருப்பி, முதுகை மச்சினனுக்குக் காட்டியபடி, ரப்பர் விரிப்பைக் கிழித்து அடியிலிருந்த ஒட்டைத் தோண்டினார். முதலில் தன் படகில் வழி கண்டுபிடிப்போம், பிறகு அவனிடம் ஏதாவது சாக்குச் சொல்லி அவனுடையதையும் திறப்போம் என்பது கணக்கு. கத்தி வழுக்கியது. மறுபடி குத்தினார். ஓரத்தில் நகம் நுழைய இடம் தேடினார். அந்த வழவழப்பில் ஓரமே இல்லை. தன் வேலையிடம் தானே கெஞ்சிக்கொண்டிருந்தார். யார் செய்த வேலையாக இருந்தாலும் இந்நேரம் பெயர்ந்திருக்கும். பலம் கொண்ட மட்டும் ஒரு குத்து. கத்தி முனை உடைந்து தண்ணீரில் விழுந்தது. ஒட்டில் ஒரு கீறல் விழுந்திருந்தது, அவ்வளவுதான்.

"மாமா!" என்று ஒரு கூச்சல்.

மச்சினனின் தூண்டில் கம்பு வில்லாக வளைந்திருந்தது. எதுவோ பெரியது கவ்வியிருக்கிறது. தூண்டில் நரம்பு தண்ணீரைப் பக்கவாட்டில் கிழித்துக்கொண்டு ஓடியது. அவன் படகில் தண்ணீர் முழங்கால் மட்டம். அவன் இந்தப் பக்கம் சாய்ந்தால் தண்ணீரும் இந்தப் பக்கம் ஓடியது, அந்தப் பக்கம் சாய்ந்தால் அங்கே ஓடியது. கூடவே இன்னொரு ஆள் உட்கார்ந்து ஆட்டுகிற மாதிரி.

"விடுடா! நரம்பை அறுத்து விடு!"

"பைத்தியமா மாமா? கை நீளம் இல்ல, ஆள் நீளம்!"

"தண்ணி நிக்குதுடா உள்ள!"

"நிக்கட்டும். வெள்ளம் தலைக்கு மேல போனா சாண் என்ன, முழம் என்ன!" என்று சிரித்தான். அன்றைக்கு அவன் சொன்ன கடைசி வேடிக்கை அது.

அவர் வாயைத் திறந்தார். இப்போது உண்மையிலேயே சொல்லத்தான் திறந்தார். அதற்குள் மீன் படகுக்கு அடியில் பாய்ந்தது. கம்பு அவனை இழுத்தது, தண்ணீர் மொத்தமும் அந்தப் பக்கம் உருண்டது, படகு ஒரு சத்தமுமில்லாமல், தூங்குகிறவன் புரண்டு படுக்கிற மாதிரி, கவிழ்ந்தது.

ஒழுகல்காரர் துடுப்பை வலித்துப் படகோடு அவன் பக்கம் பாய்ந்தார். தலை தெரிந்த இடத்தில் கையை நீட்டினார். அந்தப் பெரிய கை இவர் கையைப் பிடித்தது. பிடித்த வேகத்தில் இவர் படகும் புரண்டது. உப்புத் தண்ணீர் மூக்கிலும் வாயிலும் ஒரே நேரத்தில் ஏறியது. ஏரித் தண்ணீர் குடித்துப் பழகிய தொண்டைக்கு அது நெருப்பு மாதிரி இருந்தது. அவர் மேலே வந்தபோது உட்கார்ந்திருந்த லைஃப் ஜாக்கெட் காற்றோடு வெகு தூரம் போய்க்கொண்டிருந்தது. அவருடைய படகும் அதற்குப் பின்னால்.

மச்சினன் கவிழ்ந்த படகின் முதுகில் மார்பை வைத்துக் கிடந்தான். இருமினான், கக்கினான், மறுபடி இருமினான். ஒழுகல்காரர் நீந்திப் போய் மறுபக்கம் பற்றினார். நடுவில் படகின் அடிவயிறு, வெயிலில் பளபளத்துக்கொண்டு. அதில் வரிசையாக ஒட்டுகள். ஒன்றுகூட அசையவில்லை. ஓரங்கள் கண்ணாடி மாதிரி வழித்துவிடப்பட்டிருந்தன.

மச்சினன் அதைப் பார்த்தான். ஈரக் கையால் ஒரு ஒட்டைத் தடவினான். அவன் வீட்டு மொட்டைமாடியிலும் அதே ஒட்டு இருக்கிறது; அந்த விரல் இழுப்பு யாருடையது என்று அவனுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. தலையைத் தூக்கி மாமாவைப் பார்த்தான்.

"மாப்ளே, நான்..."

மச்சினன் முகத்தைத் திருப்பிக் கன்னத்தைப் பிளாஸ்டிக்கில் வைத்துக்கொண்டான்.

காற்று விடவில்லை. இருவரையும் படகையும் சேர்த்து, அவசரமில்லாமல், வெளியே தள்ளிக்கொண்டே இருந்தது. கரை ஒரு கோடானது. அப்புறம் அலை இறங்கும்போது கோடும் காணவில்லை. மச்சினனின் பிடி தளர்ந்து தளர்ந்து நழுவியது. படகைத் திருப்பிப் போட்டு அவனை மேலே ஏற்றப் பார்த்தார். அந்த உடம்பைத் தூக்க இவர் உடம்பால் ஆகவில்லை. கடைசியில் படகின் முனையிலிருந்த கயிற்றை அவிழ்த்து அவன் மணிக்கட்டைக் கைப்பிடியோடு சேர்த்துக் கட்டினார். அலை முகத்தில் அடிக்கும்போதெல்லாம் தன் தோளைக் குறுக்கே வைத்தார். "தூங்காதடா. திட்டுடா என்னை. அக்கா பேரைச் சொல்லித் திட்டுடா" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். பதிலுக்கு இருமல் மட்டும் வந்தது. அந்த இருமல் ஈரமாக இருந்தது. ஈரம் எங்கே புகுந்திருக்கிறது என்பதைச் சத்தம் வைத்தே சொல்கிற மனுஷன் அவர். அந்தச் சத்தம் நெஞ்சுக்குள்ளிருந்து வந்தது.

சாயங்கால வெயிலில் ஒரு விசைப்படகு அவர்கள்மேல் வந்து நின்றது. கரையில் வலை தைத்த இருவரும் அதில் இருந்தார்கள். பூட்டின வேன் அப்படியே நிற்பதைப் பார்த்துத் தேடிக் கிளம்பியிருக்கிறார்கள். ஆளைத் தூக்கிப் போட்ட பிறகு அதில் ஒருவன் கயாக்கையும் இழுத்துப் போட்டு, அதன் அடியைப் பார்த்துவிட்டு, "எந்த அறிவுகெட்டவன் இதை அடைச்சான்?" என்றான். நடுங்கிக்கொண்டிருந்த மச்சினன் கண்ணை மூடிக்கொண்டான். ஒழுகல்காரர் தலையைக் குனிந்துகொண்டார். அப்போதும் அவருக்கு வாய் வரவில்லை.

ஆஸ்பத்திரி மாடியில், அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். யாரோ கொடுத்த போர்வை. கீழே ஈரம் சொட்டிக் குளம் கட்டியிருந்தது. நுரையீரலில் தண்ணீர் போயிருக்கிறது என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போயிருந்தார். பிழைப்பான் என்று சொல்லவில்லை, மாட்டான் என்றும் சொல்லவில்லை.

மனைவி படியேறி வந்தாள். செருப்பு ஒன்று மாற்றி ஒன்று. அவள் நெருங்கிக் கேட்பதற்கு முன்னாலேயே அவர் எழுந்து நடுவழிக்குப் போனார்.

"படகுல ஓட்டை இருந்துச்சு. தண்ணி வெளிய போறதுக்கு வச்ச ஓட்டை. எனக்குத் தெரியாது, அடைச்சிட்டேன். கடல்ல தண்ணி நிக்கறப்ப தெரிஞ்சுபோச்சு. தெரிஞ்சும் சொல்லலை."

அவள் அவர் முகத்தையே பார்த்தாள்.

"ஏன் சொல்லல?"

"சொல்ல வாய் வரலை."

"அவனுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"என்ன சொன்னான்?"

"ஒண்ணும் சொல்லலை."

அவள் அவரைச் சுற்றிக்கொண்டு, மேலே படாமல், அறைக்குள் போனாள். கதவு சாத்திக்கொண்டது. உள்ளே இருமல் கேட்டது. அது கேட்கிறவரைக்கும் அவருக்கு ஒரு பிடிமானம் இருந்தது. பிறகு இருமல் நின்றது. அவர் கதவருகே போய்க் காதை வைத்தார். ஒன்றுமில்லை. கைப்பிடியைத் தொட்டார், திருப்பவில்லை.

கதவு உள்ளேயிருந்து திறந்தது.

"தூங்குறான். காலையில நெஞ்சைப் படம் எடுத்துப் பாத்துத்தான் சொல்லுவாங்களாம்."

"நான் இங்கேயே இருக்கேன்."

"வேணாம். கண் முழிக்கறப்ப அவன் உங்களைப் பாக்க வேணாம். வீட்டுக்குப் போங்க."

"அவனைப் போன மாதிரியே உன்கிட்ட..."

"போங்க."

போர்வையை மடித்து பெஞ்சில் வைத்துவிட்டுப் படியிறங்கினார். கடைசிப் படி வரைக்கும்தான் கால் போனது. அங்கேயே உட்கார்ந்துவிட்டார். மேலே யாராவது வேகமாக நடக்கிற சத்தம் கேட்கும்போதெல்லாம் நிமிர்ந்து பார்த்தார்.